சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒரே கார்: பழைய எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் எதை வாங்குவது?

தினமும் சாலையில் ஓட்டவும், ஆண்டுக்கு ஐந்தாறு நாட்கள் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகவும் ஒரே காராக, பயன்படுத்தப்பட்ட எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க நினைக்கிறீர்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5, லோட்டஸ் எலீஸ், மூன்றாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2, டொயோட்டா ஜிடி86 ஆகிய நான்கும் உங்கள் மனத்தில் இருக்கின்றன. உங்கள் உயரம் 183 சென்டிமீட்டர். பிரேக் பேட் மாற்றுவது, ஆயில் மாற்றுவது போன்ற வேலைகளை நீங்களே செய்துகொள்வீர்கள். 150 குதிரைத்திறன் உள்ள கார் ஓராண்டில் சலித்துவிடாதா என்பது உங்கள் ஐயம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஏற்றது, துணிக்கூரையுள்ள மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5. என்சி என்று அழைக்கப்படுவது. அதிலும் 2009 மாதிரியிலிருந்து வந்த 2.0 லிட்டர் வகையைத் தேடுங்கள். நீங்கள் சொன்ன நான்கில் ஓட்டுவதற்கு மிகச் சிறந்தது எலீஸ் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் உங்களிடம் இருக்கப்போகும் ஒரே காராக அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பந்தயத் தடத்துக்குப் போகும் கார் என்றைக்காவது ஒருநாள் பழுதாகும், அல்லது தடத்தை விட்டு வழுக்கிச் சரளையிலோ சுவரிலோ போய் நிற்கும். அந்த நாளின் செலவையும் அலைச்சலையும் உங்களால் தாங்கிக்கொள்ள முடியுமா என்பதையே இந்தத் தேர்வுக்கு நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். வேகம், அழகு, மதிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எடையைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கார்களின் சிறப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஓட்டுநரையும் சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80 கிலோமீட்டருக்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அது இழக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 10 லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் போதும். அந்த வெப்பத்தில் பெரும்பகுதியை நான்கு பிரேக் டிஸ்க்குகளும் மூன்று நான்கு நொடிகளுக்குள் வாங்கிக்கொள்கின்றன. 1500 கிலோ காரென்றால் அதே வளைவில் 15 லட்சம் ஜூல். ஒரு சுற்றில் இப்படி நான்கைந்து இடங்கள், இருபது நிமிடத்தில் பத்துச் சுற்றுகள் என்று பெருக்கிப் பார்த்தால், எடை கூடிய கார்களில் பேடும் டிஸ்க்கும் டயரும் ஏன் அவ்வளவு விரைவாகத் தீர்ந்துபோகின்றன என்பது விளங்கும். எடை குறைந்த கார் வளைவில் சுறுசுறுப்பாகத் திரும்புகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அது மாலைவரை களைக்காமல் ஓடும், மறுநாள் காலையில் வேலைக்கும் கிளம்பும் என்பதுதான் ஒரே காரை வைத்துச் சமாளிக்க வேண்டியவருக்கு முக்கியம்.

சலிப்பைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. சக்தி மிகுந்த கார் நேர்ச்சாலையில் தரும் மகிழ்ச்சிதான் முதலில் பழகிப்போகிறது. சக்தி குறைந்த காரில் ஒரு வளைவுக்குள் நுழையும்போது தேவைக்கு மேல் வேகத்தைக் குறைத்துவிட்டால், அடுத்த நேர்த்தடம் முழுவதும் அதற்கான விலையைக் கொடுக்க நேர்கிறது. எனவே பிரேக்கை எங்கே விடுவது, ஸ்டியரிங்கை எவ்வளவு மெதுவாகத் திருப்புவது, ஆக்சிலரேட்டரை எப்போது மிதிப்பது என்பதையெல்லாம் ஓட்டுநர் கற்றே தீர வேண்டியிருக்கிறது. 300 குதிரைத்திறன் அந்தத் தவறுகளை மறைத்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகளில் காரின் எல்லையை நீங்கள் எட்டப்போவதில்லை என்பதால், சக்தி போதவில்லை என்ற எண்ணம் வரும்போதெல்லாம் நல்ல பயிற்றுநர் ஒருவரை ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

இனி எம்எக்ஸ்-5. இதன் முதல் தலைமுறையான என்ஏ 1989இல் வந்தது, 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன், 1000 கிலோவைத் தொடாத எடை. முன்னும் பின்னும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும் அமைப்பு. நான்கு சக்கரங்களின் சாய்வையும் திசைக்கோணத்தையும் தொழிற்சாலையில் பொருத்திய போல்ட்டுகளைக் கொண்டே மாற்றிக்கொள்ளலாம் என்பது பந்தயத் தடத்துக்குப் போகிறவருக்குப் பெரிய வரம். அந்தப் போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போயிருந்தால் அந்த வரம் அப்படியே தலைவலியாகிவிடும் என்பதால், வாங்குவதற்கு முன் சமீபத்தில் அலைன்மென்ட் செய்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். அறிக்கை இருந்தால் போல்ட்டுகள் அசைகின்றன என்று பொருள். 1989 முதல் 1991 நடுப்பகுதிவரை வந்த எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை மெல்லியது. அங்கே பல்சக்கரத்தை நழுவாமல் பிடித்திருக்கும் பள்ளம் தேய்ந்து எஞ்சினின் டைமிங்கே கலைந்துவிடும். 1994 மாதிரியில் வந்த 1.8 எஞ்சினோடு பிரேக்குகளும் பெரிதாயின. எனவே என்ஏ வாங்குவதாக இருந்தால் 1.8 வாங்குவதே நல்லது.

1998இல் வந்த இரண்டாம் தலைமுறை என்பி, எழுந்து மடங்கும் முன்விளக்குகளை இழந்தாலும், கண்ணாடிப் பின்ஜன்னலையும் இன்னும் உறுதியான உடற்கட்டையும் பெற்றது. உதிரிப் பாகம், அனுபவமுள்ள மெக்கானிக், தடத்துக்கென்றே செய்யப்பட்ட சஸ்பென்ஷன், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் என எல்லாம் இந்த இரு தலைமுறைகளுக்கும் கிடைப்பதைப் போல வேறெந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் எளிதாகக் கிடைப்பதில்லை. இவற்றின் பகை துரு. கூரைத்துணியின் அடியில் இருக்கைகளுக்குப் பின்னால் மழைநீர் வடியும் துளைகள் உண்டு. அவற்றில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டத்துக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். என்பி-யில் முன்பக்கச் சேசிஸ் சட்டங்களும் அரிக்கும். அங்கே இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால், வெளியே குமிழ் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். எஞ்சினைப் பொறுத்தவரை, அது முதலில் முன்சக்கர இயக்கக் கார்களுக்காகக் குறுக்கே பொருத்தும்படி வடிவமைக்கப்பட்டது. எம்எக்ஸ்-5-இல் நீளவாக்கில் வைத்தபோது கூலண்ட் நுழைவதும் வெளியேறுவதும் முன்பக்கத்திலேயே அமைந்துவிட்டதால், பின்னால் உள்ள சிலிண்டர்களுக்குக் குளிர்ச்சி குறைவாகவே கிடைக்கிறது. சாதாரணச் சக்தியில் இதனால் கெடுதல் ஒன்றுமில்லை; டர்போ பொருத்தியவர்கள்தான் இந்தக் கூலண்ட் பாதையை மாற்றியமைக்க வேண்டியிருக்கிறது. யாரோ ஒருவர் டர்போ பொருத்திய பழைய காரை வாங்குவதைத் தவிர்த்துவிடுங்கள். பிறருடைய பொறுமையின்மையைக் கடனோடு வாங்குவதற்குச் சமம் அது.

இவ்வளவு நல்லவற்றை உங்களுக்கு நான் முதலில் சொல்லாததற்குக் காரணம் உங்கள் உயரம். திறந்த கூரையுள்ள காரைத் தடத்தில் ஓட்டும்போது ரோல் பார் இல்லாமல் இறங்கக் கூடாது. பல தடங்களில் அனுமதிக்கவும் மாட்டார்கள். ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்புவரை ஒரு நீளக் கழியை வைத்தால், ஹெல்மெட் அணிந்த தலை அந்தக் கழியைத் தொடக் கூடாது என்பதே இதற்கான சோதனை. என்ஏ-யிலும் என்பி-யிலும் 183 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் இருக்கையின் பஞ்சைக் குறைக்காமலோ தாழ்வான இருக்கை பொருத்தாமலோ இதில் தேறுவது கடினம். கால் நீளமும் உடல் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோய் உட்கார்ந்து பாருங்கள். ஹெல்மெட்டோடு காருக்குள் உட்காரும்போது விற்பவர் வியந்து பார்த்தால் பார்க்கட்டும்.

2005இல் வந்த என்சி, இந்தக் குடும்பத்தில் உயரமானவர்களுக்கு இடம் தருவது. எடை சுமார் 1100 கிலோவாகக் கூடியது. சஸ்பென்ஷன் மென்மையாகவும் காரின் உடல் தரையிலிருந்து உயரமாகவும் அமைந்துவிட்டன. இந்த இரண்டு குறைகளாலும் இது பழைய எம்எக்ஸ்-5 காதலர்களின் அன்பைப் பெறவில்லை. நல்ல ஷாக் அப்சார்பர்களும் சற்றுத் தாழ்ந்த ஸ்பிரிங்குகளும் அந்தக் குறையை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிடுகின்றன என்பதும், அன்பு கிடைக்காத கார் விலையில் இறங்கி வரும் என்பதும் உங்களுக்குச் சாதகமானவை. 2.0 லிட்டர் எஞ்சின் சுமார் 160 குதிரைத்திறன் தருவது. 2009 மாதிரியில் கிராங்க் ஷாஃப்ட் அடித்து உருவாக்கப்பட்ட எஃகாக மாறி, நிமிடத்துக்கு 7500 சுழற்சிவரை போகும்படி ஆனது. ஃபோர்டு பல கார்களில் பயன்படுத்திய எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது இது என்பதால், எஞ்சின் போனால் மாற்று எஞ்சினுக்கு அலைய வேண்டியதில்லை, 2.5 லிட்டர் எஞ்சினைப் பொருத்திக்கொள்ளும் வழியையும் பலர் நன்கு செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். மடங்கும் உலோகக் கூரை உள்ள வகை சாலைக்கு இதமானதுதான். ஆனால் ஏறக்குறைய 37 கிலோ கூடுதல் எடை, அதுவும் மேலேயும் பின்னேயும். ரோல் பார் பொருத்துவதற்கும் அதில் வாய்ப்புக் குறைவு. ஆகவே துணிக்கூரை.

2015இல் தொடங்கிய என்டி மீண்டும் 1000 கிலோ அளவுக்கு இறங்கி வந்ததைப் பொறியியல் சாதனை என்றே சொல்வேன். 2018இல் புதுப்பிக்கப்பட்ட 2.0 எஞ்சின் 184 குதிரைத்திறனோடு மிகவும் துடிப்பானது. ஆனால் தொடக்க ஆண்டுகளின் ஆறு கியர் பெட்டி தடத்தில் கடுமையாக ஓட்டியவர்களிடம் உடைந்திருக்கிறது; மாஸ்டா அதைப் பலமுறை திருத்தியது. கியர்பாக்ஸ் மாற்றப்பட்டதற்கான ரசீது இருந்தால் அது குறையல்ல, நிறை. உங்கள் உயரத்துக்கு இதுவும் இறுக்கமாகவே இருக்கும்.

எலீஸ் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை ஒருமுறை ஓட்டியவர் கணக்குப் பார்க்கும் மனநிலையோடு இறங்குவதில்லை. 1996இல் வந்த முதல் எலீஸின் எடை சுமார் 725 கிலோ. அலுமினியப் பட்டைகளை எபாக்சிப் பசையால் ஒட்டிச் செய்த அதன் சேசிஸ் 68 கிலோ மட்டுமே. ஸ்டியரிங்குக்கு எந்தத் துணைவிசையும் கிடையாது. முன்சக்கரத்தின் கீழ் ஒரு சிறு கல் புரண்டாலும் உள்ளங்கைக்குத் தெரியும். அதிலுள்ள ரோவர் கே வரிசை 1.8 எஞ்சினில், சிலிண்டர் தலைக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் பழுதாவது பேர்பெற்ற குறை. எஞ்சின் பின்னாலும் ரேடியேட்டர் முன்னாலும் இருப்பதால் கூலண்ட் குழாய்கள் காரின் நீளம் முழுவதும் ஓடுகின்றன. அவற்றில் காற்று தங்கிவிட்டால் எஞ்சின் சூடேறுவதை முள் காட்டுவதற்குள் காரியம் கெட்டிருக்கும். பல அடுக்கு எஃகு கேஸ்கட் போட்டு, நல்ல கைகளால் செப்பனிடப்பட்ட கே எஞ்சின் நம்பகமானதே.

2004இல் 111ஆர் என்ற பெயரோடு வந்த வகையில் டொயோட்டாவின் 2இசட்இசட் எஞ்சின் இருக்கிறது. 6200 சுழற்சிக்கருகில் அது வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும் வேறு கேமுக்கு மாறும்போது எழும் ஒலிக்காகவே பலர் அதை வாங்குகிறார்கள். ஹெட் கேஸ்கட் பயமும் இல்லை. பிடிப்பு மிகுந்த டயர்களோடு நீண்ட வளைவுகளில் ஓட்டும்போது ஆயில் ஒருபக்கமாக ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் போவது இதன் குறை. தடுப்புகள் உள்ள ஆயில் தொட்டி பொருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லா எலீஸ்களிலும், தடத்துக்குப் போகும் முன் பின்சக்கரத்தின் திசையைப் பிடித்திருக்கும் டோ லிங்க்கை உறுதியானதாக மாற்றியாக வேண்டும். அது வளைவில் உடைந்தால் பின்சக்கரம் தன்போக்கில் திரும்பிவிடும். அதன் பிறகு ஓட்டுநர் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

இத்தனைக்கும் பிறகும் நான் தயங்குவது விபத்தை எண்ணித்தான். எலீஸின் முன்னுடலும் பின்னுடலும் பெரிய ஒற்றை ஃபைபர் கிளாஸ் ஓடுகள். சிறிய இடி என்றாலும் ஓடு முழுவதையும் கழற்றிப் பழுதுபார்த்துச் சாயமடிக்க வேண்டும். பசையால் ஒட்டிய அலுமினியச் சேசிஸ் வளைந்துவிட்டால், எஃகுக் காரைப் போல இழுத்து நிமிர்த்த முடியாது. பெரும்பாலும் காரின் கதை அங்கே முடிந்துவிடும். எம்எக்ஸ்-5 தடத்தில் சுழன்று தடுப்பில் மோதினால் ஒரு முன்பக்கத் தகட்டையும் ஒரு விஷ்போனையும் பழைய காரொன்றிலிருந்து எடுத்து மாட்டி அடுத்த மாதமே திரும்பிவிடலாம். வேறொரு காரும் வீட்டில் இருந்து, எலீஸை இழந்தால் மனம் வலிக்குமே தவிர வாழ்க்கை நின்றுவிடாது என்னும் நிலை வரும்போது தயங்காமல் வாங்குங்கள். அப்போது, லோட்டஸ் தன் ஹெத்தல் ஆலையிலேயே 2000 முதல் 2005 வரை கட்டித்தந்த ஓப்பல் ஸ்பீட்ஸ்டரையும் பார்க்கலாம். பிரிட்டனில் அதன் பெயர் வாக்ஸால் விஎக்ஸ்220. எலீஸின் உறவுக்கார் அது. பெயரில் மட்டும் கவர்ச்சி குறைவு.

மூன்றாம் தலைமுறை எம்ஆர்2, 1999 முதல் 2007 வரை வந்தது. நடு எஞ்சின், சுமார் 140 குதிரைத்திறன், 1000 கிலோவை ஒட்டிய எடை என்று தாளில் பார்த்தால் எளியவர்களின் எலீஸ் இது. ஓட்டிப் பார்த்தாலும் பெரிதாக ஏமாற்றாது. ஆனால் முதல் சில ஆண்டுகளின் 1இசட்இசட் எஞ்சின்களில் பிஸ்டன் வளையங்கள் அடைத்துக்கொண்டு ஆயில் எரியத் தொடங்கும். எஞ்சினை ஒட்டியே உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் சிறிய கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் பீங்கான் அதனால் பொடிந்து, அந்தத் தூள் சிலிண்டருக்குள்ளேயே திரும்ப இழுக்கப்பட்டு எஞ்சினைத் தின்றுவிடும். ஆயில் அளவைப் பார்க்காமல் விற்பவரின் வார்த்தையை நம்ப வேண்டாம். நடு எஞ்சின் கார்களுக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னே சாய்ந்து, கனமான பின்பக்கம் பிடிப்பை இழந்து, எம்எக்ஸ்-5 தரும் அவகாசத்தைத் தராமல் சட்டென்று சுழன்றுவிடும். கற்றுக்கொள்ள முடியாததல்ல, ஆனால் முதல் காரில் கற்க வேண்டியதுமல்ல. பொருள் வைக்க இருக்கைகளுக்குப் பின்னுள்ள பொந்தைத் தவிர இடமும் இல்லாததால், மாற்றுச் சக்கரங்களும் கருவிப்பெட்டியும் கொண்டுபோக வழியில்லை.

ஜிடி86, அதாவது சுபாரு பிஆர்இசட்டின் உடன்பிறப்பு, 2012இல் வந்தது. எடை 1240 கிலோ அளவில் இருப்பதால் மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் வைக்கச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. இருந்தும், நிலையான கூரை, மடக்கினால் நான்கு சக்கரங்களை அடுக்கிக்கொள்ளும் அளவுக்கு இடம் தரும் பின்னிருக்கை, 200 குதிரைத்திறன் என எல்லாம் இருப்பதால், குழந்தையோ மழைக்காலமோ உங்கள் கணக்கில் இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். தலைக்கு மேல் கூரை இருப்பதால் ரோல் பார் கேள்வி அவ்வளவு அவசரமாக எழுவதில்லை. 3000 முதல் 4500 சுழற்சிக்குள் எஞ்சினின் டார்க், அதாவது சுழல்விசை, ஒரு பள்ளத்தில் இறங்குவது சாலையில் எரிச்சலூட்டும். தடத்தில் அந்த எல்லைக்குள் நீங்கள் இருக்கவே மாட்டீர்கள். 2012, 2013 கார்களின் வால்வு ஸ்பிரிங்குகளுக்காக உற்பத்தியாளர்கள் 2018இல் திரும்ப அழைப்பு விடுத்தார்கள். அந்த வேலை நடந்ததா, எஞ்சினைத் திறந்தவர்கள் ஒழுங்காக மூடினார்களா என்று ஆவணத்தைப் பாருங்கள். முன் சஸ்பென்ஷன் மக்ஃபர்சன் வகை என்பதால், சக்கரச் சாய்வைக் கூட்ட வழிசெய்யாவிட்டால் முன் டயர்களின் வெளிவிளிம்பு இரண்டு மூன்று தடநாட்களிலேயே தேய்ந்துவிடும்.

நீங்கள் கேட்காத இரண்டைப் பற்றி ஓரிரு வரிகள். ஹோண்டா எஸ்2000இன் 9000 சுழற்சி எஞ்சின் போல இன்னொன்று வராது. ஆனால் இன்று அதைச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள், தடத்தில் இழக்க மனம் வராது. கேட்டர்ஹாம் செவன், ஐந்நூறு அறுநூறு கிலோ எடையோடு தடத்தில் எல்லாவற்றையும் வென்றுவிடும். தினமும் அதில் வேலைக்குப் போவது துறவறம்.

மாதிரியைத் தேர்ந்தெடுத்தபின் உங்கள் உழைப்பு முழுவதையும் குறிப்பிட்ட ஒரு காரைத் தேடுவதில் செலவிடுங்கள். ஆண்டோ ஓடிய தூரமோ அல்ல, காரின் நிலையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு காரில் சாயம் கண்ணாடிபோல் மின்னியது. தடத்துக்கான விலையுயர்ந்த சஸ்பென்ஷன் பொருத்தியிருந்ததைப் பார்த்து மயங்கினேன். முதல் முறை ஜாக்கி வைத்துத் தூக்கியபோது, ஜாக்கி வைக்கும் இடமே உள்ளே அமிழ்ந்தது. கதவுக்குக் கீழுள்ள சட்டத்தில் தகடு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பூசித் தேய்த்துச் சாயமடித்திருந்தார்கள். வெல்டிங் வேலைக்குச் செலவானது காரின் விலையில் பாதியைத் தாண்டியது. சுண்டைக்காய் கால்பணம், சுமைக்கூலி முக்கால்பணம் என்பதை அன்று உணர்ந்தேன். அதிலிருந்து, காரைத் தூக்கி அடியில் விளக்கடித்துப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் நான் பேச்சைத் தொடர்வதே இல்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். நீங்கள் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியருக்கு மாற்றும்போது கரகரக்கிறதா, கிளம்பும்போது நீலப்புகை வருகிறதா, கூலண்ட் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்பவற்றைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சிலிண்டர் அழுத்தச் சோதனைக்கு ஒரு மெக்கானிக்கை அமர்த்துவது வீண்செலவல்ல. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள்; 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. நிறைய மிச்சமிருக்கும் பழைய டயரைவிட, தேய்ந்த புதிய டயரே ஓட்டியவரைப் பற்றி நல்ல செய்தி சொல்கிறது. தடத்தில் ஓடிய கார் என்று கேள்விப்பட்டதும் விலகிப்போக வேண்டியதில்லை. ஒவ்வொரு தடநாளுக்குப் பிறகும் ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றிய ரசீதுகளை அடுக்கி வைத்திருப்பவரின் காரை, ஐந்தாண்டுகள் உறையிட்டு மூடிக் கிடந்து ரப்பர் எல்லாம் இறுகிப்போன காருக்கு முன்னதாகவே நான் தேர்வேன்.

வாங்குவதற்கென்று வைத்திருக்கும் தொகையில் நான்கில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். அதில் முதலில் செய்ய வேண்டியது பிரேக். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரவிதி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிவரை இறங்கலாம். ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. ஆகவே முதல் தடநாளுக்கு முந்தைய வாரம் புதிய, உயர்ந்த கொதிநிலையுள்ள பிரேக் ஆயிலும், குளிர்ந்த காலையில் சாலையிலும் பிடிக்கக்கூடிய நடுத்தர வெப்பப் பேடுகளும் போதும். முழுப் பந்தய பேடு சூடேறும்வரை பிடிக்காது. சாலையில் அது ஆபத்து. அடுத்து ரோல் பார், அதன்பின் தடத்துக்கேற்ற அலைன்மென்ட், பிறகுதான் டயர். மிகப் பிடிப்பான டயரை முதல் ஆண்டிலேயே போடாதீர்கள். சாதாரண நல்ல டயர் பிடிப்பை இழக்கும் முன் சத்தமிட்டு எச்சரிக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் காலும் கையும் பழகும். சஸ்பென்ஷனை ஓராண்டு கழித்துத் தொடலாம். எஞ்சினைத் தொடவே வேண்டாம். சைலன்சரையும்தான்: தடங்களில் ஒலி வரம்பு உண்டு, சத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுவதைவிட வருத்தமான நாள் இல்லை. பெரும்பாலான சாலைக் காப்பீடுகள் தடத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை என்பதால், உங்கள் ஒப்பந்தத்தின் விலக்குகளை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

முதல் நாளில் ஒரே மூச்சில் இருபது நிமிடம் ஓட்டாமல், நான்கைந்து சுற்றுகளுக்கு ஒருமுறை வெளியே வாருங்கள். கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி எல்லாவற்றையும் ஆறவிடுங்கள். நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேடு அழுத்திக்கொண்டே இருந்தால் டிஸ்க் கெடும். ஆறிய பிறகு சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, ஆயில் அளவைப் பார்த்து, பேடின் தடிமனை விளக்கடித்துப் பாருங்கள். 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்திருந்தால், மாலை எவ்வளவு அழகாக இருந்தாலும் மறுபடி இறங்க வேண்டாம். வீட்டுக்கும் அதே காரில்தான் திரும்பியாக வேண்டும்.